பெரஹரா காணக் கண்டிக்கு முதன்முறை வருவோர்க்கு

(ஹந்தானையிலிருந்து ஒரு பழைய மாணவன்)

ஆடி மாதம் பிறந்ததும் ஹந்தானையில் வாழும் எம்போன்றோர்க்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும், ஏன், இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும்கூட, உடன்கற்ற நண்பர்களின் விசாரணைகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை பெரஹரா எப்போது, இருக்கைக்கு என்ன விலை, யானைகளை அண்மையில் நின்று பார்க்கலாமா என்பனவே அவற்றின் சாரம். கண்டி நகருக்குத் தெற்கே, ஏரியையும் தலதா மாளிகையையும் நோக்கியபடி நிற்கும் இம்மலைச் சாரலிற் குடியிருப்பதனால் மாத்திரம் ஒருவன் பெரஹராவிற் பண்டிதனாகிவிடுவதில்லை. எனினும் பல வருடங்கள் கூட்டத்தோடு கூட்டமாய் நடைபாதையிற் குந்தியிருந்து கண்டவன் என்னும் உரிமையோடு, மலர் ஆசிரியர் ஒதுக்கித் தந்த இப்பக்கங்களிலே, இதுவரை பெரஹராவைக் காணாத நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் சில கூறத் துணிகின்றேன். வேடிக்கை பார்ப்போராக வராதீர்கள், விருந்தினராக வாருங்கள் என்பதே யான் கூற விரும்புவது. விருந்தினர் என்றேனாயினும் நம்மவர் அவ்வீட்டுக்கு முற்றிலும் அந்நியரும் அல்லர். அதனைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்.

கலிபோர்னியாவிற் குடியேறிய நம் பழைய மாணவர் ஒருவர், அங்கு நடைபெறும் 'மறுமலர்ச்சிக் காலச் சந்தை' ஒன்றுக்குக் குடும்பத்தோடு சென்றுவந்த புதினத்தை எழுதியிருந்தார். பிலிஸ் பற்றர்சன் என்னும் ஆசிரியையும் அவர் கணவர் ரொன் பற்றர்சனும் 1963 இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே தொடக்கிவைத்த இவ்வழக்கம் இன்று அமெரிக்கா எங்கணும் பரவியிருக்கின்றது. முதலாம் எலிசபெத்து மகாராணி காலத்து இங்கிலாந்தைப் போல ஒரு திடலை அமைத்து, அக்காலத்து உடை உடுத்து, அக்காலத்து மொழியைப் பேச முயன்று, குதிரைமேல் ஈட்டிப்போர் நடித்து, ஒரு நாளை இன்பமாகக் கழிப்பர். முதன்முறை செல்வோர்க்கு அங்கே சொல்லப்படும் புத்திமதிகளையும் நண்பர் எழுதியிருந்தார். நல்ல பாதணி அணிக. தண்ணீர் கொண்டு செல்க. கையிற் சில்லறைப் பணம் வைத்திருக்க. உடை இல்லையேல் வாடகைக்கு எடுத்துக்கொள்க. வெட்கப்படாமல் நாடகத்திற் கலந்துகொள்க. "உங்கள் பெரஹராவும் இதைப் போன்றதுதானே?" என்று ஒரு கேள்வியோடு கடிதம் முடிந்திருந்தது.

அன்று. பாதணி, தண்ணீர், சில்லறை ஆகிய மூன்றும் இங்கும் பொருந்தும். மற்றவை பொருந்தா.

அமெரிக்கர் வேடம் புனைந்து மீட்க முயலும் அதே காலத்தில், அதாவது எலிசபெத்து மகாராணியின் இறுதி வருடங்களில், கண்டியை ஆண்டவன் முதலாம் விமலதர்மசூரியன். புத்தரின் தந்த தாதுவைக் கண்டிக்குக் கொணர்ந்து அதற்கு மாளிகை எழுப்பியவன் அவனே. அங்கே அக்காலம் அறுந்துபோயிற்று. ஆதலின் அதனை வேடத்தால் ஒட்டுகின்றனர். இங்கே அஃது அறவில்லை. பெரஹராவின் முன்பகுதியில், சாட்டையை ஓங்கி வீசி இடிபோல் ஒலியெழுப்பிச் செல்வோரையும், தீப்பந்து சுழற்றுவோரையும், கொடி பிடிப்போரையும் அடுத்து, யானைமேல் ஒருவர் ஏட்டுச்சுவடி ஒன்றைத் தாங்கிச் செல்வார். பெரமுனராள என்பது அவர் பதவி. முதன்முறை வருவோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அவரைக் கவனியார். அடுத்த யானையின் மின்விளக்கு உடையிலே கண் போய்விடும். ஆனால் விழாவின் திறவுகோல் அவர் கையில் இருக்கின்றது. மாளிகைக்குரிய காணிகள் எவை, அவற்றை அனுபவிப்போர் யார், அதற்கு ஈடாக அவர் செய்யவேண்டிய ஊழியம் யாது என எழுதிய இடாப்பின் சின்னம் அந்த ஏடு. மேளம் கொட்டுபவனும், தீவட்டி பிடிப்பவனும், வெஸ் முடி தரித்து ஆடுபவனும் பெரும்பாலும் அத்தகைய காணி ஊழியத்தின் வழியில் வந்தவர்கள். அரசாங்கம் இராசகாரியத்தை 1832 இல் ஒழித்தது. கோயிற் காணிகளிலோ அது தொடர்ந்தது. ஊழியத்துக்குப் பதிலாகப் பணம் செலுத்தவும் 1870 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் வழிசெய்தது. அப்படியிருந்தும் இன்றும் பலர் நடந்தே வருகின்றனர். இவ்வொழுங்கிலே சாதி ஏற்றத்தாழ்வு பொதிந்திருப்பதை யான் மறைக்கவில்லை. மேளகாரர் மகன் படித்து உத்தியோகம் பெற்றபின் மேளத்தைத் தொட மறுத்தால் அவனைக் குறைகூற எவர்க்கு உரிமை உண்டு? யாம் கவனிக்கவேண்டியது வேறு. அங்கு நடப்பவர் ஒவ்வொருவரும் நடிகர் அல்லர்; தம் தந்தையும் பாட்டனும் நடந்த இடத்தில், அதே முறைவரிசையில் நடப்பவர்.

இதனை வெறும் காட்சியாக்கினால் யாதாகும் என்பதற்கும் சரித்திரம் உண்டு. ஜேர்மனியிலே மிருகக் காட்சிச்சாலை நடத்திய கார்ல் ஹாகன்பெக் என்பார் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளையும் ஆடுவோரையும் மேளகாரரையும் கப்பலேற்றிச் சென்று, ஐரோப்பிய நகரங்களிலே கட்டணம் வாங்கிக் காட்டினார். அதே மேளம், அதே ஆட்டம், அதே யானை. ஆனால் தெய்வமும் இல்லை, தாதுவும் இல்லை, ஏடும் இல்லை. வேலிக்கு அப்பால் நின்று பார்த்தவர்களுக்கு மனிதரும் விலங்கும் ஒரே தட்டிற் கிடந்தனர். கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கண்ணால் ஒன்றையும் காணாது, ஆடுவோன் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சும் நம் இளைஞரைக் காணும்போது அவ்வேலி என் நினைவுக்கு வருவதுண்டு.

நிற்க. எந்த இரவில் வருவது என்ற கேள்விக்கு வருவோம். அமாவாசையை ஒட்டி, நான்கு தேவாலயங்களிலும் பலாமரத் துண்டு நாட்டும் 'கப்' சடங்கோடு விழா தொடங்கும். முதல் ஐந்து நாள் ஊர்வலம் தேவாலய வளவுகளுக்குள்ளேயே நடைபெறும். அதன்பின் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா. அதற்கும் பின் ஐந்து இரவுகள் இரந்தோலிப் பெரஹரா. அரசியர் பல்லக்கிற் சென்ற காரணத்தால் இரந்தோலி என்னும் பெயர் வந்தது என்பர். இன்று தேவாலயப் பல்லக்குகள் செல்கின்றன. கும்பல் என்னுஞ் சொல்லைக் கேட்டு நம்மவர் அஞ்சவேண்டாம். கும்பல் குறைந்த இரவுகள் அவையே! எல்லோரும் கடைசி இரந்தோலி இரவையே நாடுகின்றனர். உள்ளதிற் பெரியது அதுவே என்பது மெய். ஆனால் அந்நாளிற் காலையிலிருந்தே நடைபாதை நிறைந்துவிடும். எழுந்தால் இடம் போய்விடும். சிறுபிள்ளைகளோடும் முதியோரோடும் வருவோர் படும் பாடு சொல்லுந்தரமன்று. முதன்முறை வருவோர் கும்பல் பெரஹராவின் நான்காம் அல்லது ஐந்தாம் இரவில் வருவது நன்று. யானை குறைவு, விளக்கும் குறைவு. ஆயின் மேளகாரனின் விரல் தெரியும், ஆடுவோன் மூச்சு வாங்குவது கேட்கும். விழாவின் எழுத்துக்களை அங்கே கற்றுக்கொண்டவன் மறு வருடம் இரந்தோலியை வாசிக்கலாம்.

இருக்கை பற்றியும் சொல்லிவிடுகின்றேன். பெரிய ஹோட்டல் விறாந்தைகளிலும் கடை மாடங்களிலும் கதிரைகளை விலைக்கு விற்பார்கள். வெளிநாட்டார்க்கென வைத்த விலையைக் கேட்டு நம் மாணவர் தலைசுற்றி விழுவர். தெருவில் நின்று இடம் பிடித்துத் தருவதாகக் கூறும் தரகரிடம் ஒரு சதமும் கொடாதீர்கள். ஹந்தானைத் தோட்ட லயங்களிலிருந்து பெரஹராவுக்கு இறங்கிவரும் குடும்பங்களைப் பின்பற்றுங்கள். இவ்வித்தையில் அவர்களே ஆசிரியர்கள். நண்பகல் கழிந்ததும் பாயோடும் சோற்றுப் பொதியோடும் வந்து, வீதி ஓரத்திற் பாயை விரித்து அமர்ந்துவிடுவர். மழைக்கு ஒரு பொலிதீன் விரிப்பு, குளிருக்கு ஒரு போர்வை, பிள்ளைகளுக்குக் கடலை. கண்டியின் ஆவணித் தூறல் சொல்லாமல் வரும். யாழ்ப்பாணத்து வெயிலை நம்பி மெல்லிய சேட்டோடு வந்தவர் இரவு ஒன்பது மணிக்கு வெடவெடத்து நிற்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். குடை மாத்திரம் வேண்டாம். பின்னால் இருப்பவர் சாபத்துக்கு ஆளாவீர்கள். பிற்பகலில் வீதிகளை மூடிவிடுவர் ஆதலால், வாகனத்தை நகருக்கு வெளியே விட்டுவிட்டு நடந்து வருதல் நன்று. திரும்பும்போது பத்து மணியோ நள்ளிரவோ ஆகும். எங்கே தங்குவது என்பதை முன்னரே ஒழுங்கு செய்யாதவர் புகையிரத நிலையத்து வாங்கிலே விடியக் காண்பர்.

அடையாள அட்டையை மறவாதீர்கள். இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. 1983 ஜூலையில் இந்நகரத் தெருக்களிலே தமிழர் கடைகள் எரிந்தன. 1998 ஜனவரி 25 ஆம் நாள் விடுதலைப் புலிகள் மாளிகை வாயிலில் வெடிமருந்து ஏற்றிய லொறியை வெடிக்கச் செய்ததில் வழிபட வந்தோரும் மாண்டனர். இரண்டு நினைவுகளும் ஒரே ஊரில், சில நூறு யார் தூரத்தில் வாழ்கின்றன. கண்டியிலே தொடங்கி யாழ்ப்பாணத்திலே முடியும் ஏ9 வீதி, 321 கிலோமீற்றர் நீளமுடையது, ஆண்டுக்கணக்காக இடையில் அறுந்து கிடந்து 2009 இன் பின்னரே முற்றாகத் திறந்தது. ஆதலின் நம் மாணவரிற் பலருடைய பெற்றோர்க்குப் பெரஹரா என்பது செய்தித்தாளிற் கண்ட படம் மாத்திரமே. மாளிகை வாயிலிற் பையைத் திறந்து காட்டச் சொன்னால் முகஞ்சுளியாது காட்டுங்கள்; அங்கு நிற்கும் இளைஞனுக்கும் அஃது உத்தியோகமே. பக்கத்துப் பாயில் இருக்கும் அம்மையாரிடம் தெரிந்த அளவு சிங்களத்திற் பேசுங்கள். தெரியாவிட்டால் தமிழிற் பேசிச் சிரியுங்கள். கடலைப் பொதி பாய் மாறும்.

இனி, நம்மவர் முற்றிலும் அந்நியர் அல்லர் என்று கூறியதன் காரணம். மாளிகைப் பெரஹராவைத் தொடர்ந்து நான்கு தேவாலயங்களின் பெரஹராக்கள் வரும்: நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், கதிர்காம தேவாலயம், பத்தினி தேவாலயம். நாதர் பௌத்தருடைய போதிசத்துவர். விஷ்ணுவை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. கதிர்காமக் கடவுள் நம் முருகனே. அவர் பெரஹராவிற் காவடி ஆடி வரும். பத்தினி நம் கண்ணகி. கயவாகு மன்னன் கண்ணகி வழிபாட்டை இலங்கைக்குக் கொணர்ந்தான் என்னும் ஐதிகம் சிங்களவரிடையே வழங்க, செங்குட்டுவன் எடுத்த விழாவுக்குக் கயவாகு வந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுவதை நம் தமிழ் வகுப்பிலே படித்தோம். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ், 1681 இல் அச்சான தம் நூலிலே பெரஹராவை வருணிக்கின்றார். அதிலே கதிர்காமக் கடவுளும் பத்தினியும் யானைமேல் வருகின்றனர். தந்த தாதுவைப் பற்றிய பேச்சே இல்லை. தேவர் விழாவுக்குத் தாது முன்னணியில் வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஆட்சியில். அவ்வரசன் யார்? மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன். சீயத்திலிருந்து 1753 இல் பிக்குமாரை வரவழைத்துப் பௌத்த சங்கத்தைப் புதுப்பித்தவனும் அவனே.

இவற்றை அறிந்ததும் நம்மவரிற் சிலர்க்கு ஒரு நோய் பற்றிக்கொள்ளும். "எல்லாம் எங்களுடையவை, இவர்கள் எடுத்துக்கொண்டனர்" என்று நடைபாதையிலிருந்தே உரத்து விரிவுரை செய்வர். இது தவறு மாத்திரமன்று, அழகுமன்று. விழாவைக் காத்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். நாயக்க மன்னன் தன் குலத்தெய்வத்துக்குக் கோயில் கட்டுவதோடு நின்றுவிடவில்லை. தன் குடிகளின் சமயத்தை உயர்த்தித் தேவர் வழிபாட்டையும் அதனுடன் நடக்கச் செய்தான். சொந்தம் கொண்டாடுவோர் அவன் அடக்கத்தையும் சேர்த்துச் சொந்தங் கொண்டாடட்டும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. "அது பௌத்தர் விழா, நமக்கு என்ன வேலை?" என்று மாளிகைப் பேழை கடந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவர். முருகனும் கண்ணகியும் பின்னால் வந்துகொண்டிருப்பதை அவர்கள் அறியார்.

கண்ணகி விஷயத்தில் யாழ்ப்பாணத்தவர்க்கு ஒரு கடனும் உண்டு. நாவலர் பெருமான் கண்ணகி வழிபாட்டைச் சைவ ஆகமத்துக்குப் புறம்பானது எனக் கண்டித்தார். அவர் வழிவந்த சீர்திருத்தத்தின் பயனாக யாழ்ப்பாணத்துக் கண்ணகி கோயில்கள் பல பிற அம்மன் பெயர்களைப் பூண்டன. நாவலர்க்கு நம் போன்ற கல்லூரிகள் பட்டிருக்கும் கடனைக் குறைத்துச் சொல்லேன். எனினும் இவ்வொரு விஷயத்தில் எனக்கு மனம் ஒப்பவில்லை. வன்னியிலே வற்றாப்பளையிலும் கிழக்கு மாகாணத்து ஊர்களிலும் வைகாசியிற் பொங்கலும் குளிர்த்தியும் பெறும் அத்தாய், கண்டியிலே நான்காவதாக, ஆடும் பெண்கள் சூழ வருகின்றாள். மற்றைய பெரஹராக்களில் ஆடுவோர் ஆடவரே; பெண்கள் ஆடி வருவது பத்தினி பெரஹராவிலேதான். நேரமாகிவிட்டது என்று எழுந்து போகின்றவர் கண்டியில் நமக்கு மிக நெருங்கியதைக் காணாமற் போகின்றனர்.

மாளிகை யானை வரும்போது செய்யவேண்டியதும் உண்டு. அதன் பாதத்துக்கு முன் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே வருவர். தாங்கி வரும் பேழை மாளிகையில் உள்ளதன் பிரதியே. தந்த தாதுவை வெளியே கொணர்வதில்லை. ஆயினும் அதனைக் கண்டதும் வீதி முழுவதும் எழுந்து நின்று கைகுவிக்கும். நீங்களும் எழுந்து நில்லுங்கள். வணங்குவதும் வணங்காததும் உங்கள் உள்ளத்தைப் பொறுத்தவை, எழுதல் மரியாதை. ஊர்வலத்தைக் குறுக்கே கடவாதீர்கள். யானைக்கு வாழைப்பழம் நீட்டாதீர்கள். கொப்பரைத் தீவட்டிகளின் பொறி பறக்கும் ஆதலால் பிள்ளைகளுக்கு நைலோன் உடை அணியாதீர்கள்.

யானைகளைப் பற்றி எழுதாமல் விடுவதற்கில்லை. சுமார் 37 வருடங்கள் பேழை சுமந்து 1988 இல் இறந்த 'ராஜா' என்னும் கொம்பன் யானையைப் பாடம்பண்ணி மாளிகை வளவிலே ஒரு நூதனசாலையில் வைத்திருக்கின்றனர். பகலில் அதனைச் சென்று பாருங்கள். பின்னர் பேழை சுமந்த நெடுங்கமுவ ராஜா 2022 மார்ச்சில் இறந்தபோதும் பல்லாயிரவர் துயருற்றனர். அன்பு மெய்யானது. ஆனால் 2019 ஆம் ஆண்டில் திக்கிரி என்னும் எழுபது வயது யானை, எலும்பும் தோலுமாய், மின்விளக்கு உடையினால் மூடப்பட்டு நடந்ததும், உடையின்றி எடுத்த அதன் படம் உலகெங்கும் பரவியதும், அடுத்த மாதமே அது இறந்ததும் மெய்யே. 1959 இல் யானைகள் மிரண்டபோது ஏற்பட்ட நெரிசலில் மனித உயிர்கள் போயின. பெரஹராவே வேண்டாம் என்று தூரதேசத்திலிருந்து கூச்சலிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. யானையை உறுப்பினராகக் கொண்ட குடும்பங்களை அவர்கள் அறியார். ஆயின் நோயுற்றதையும் முதிர்ந்ததையும் எண்ணிக்கைக்காக இழுத்துவருவது எவ்விதத்திலும் பக்தியாகாது. நூறு யானைக்குப் பதில் நாற்பது வந்தாற் பேழையின் மாட்சி குறையுமா? அடுத்த யானை எத்தனை என்று எண்ணும் கூட்டமே இக்குற்றத்திற் பங்காளி. ஆதலால் நம் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: வீடு திரும்பியபின் "எத்தனை யானை?" என்று தம்பி தங்கையர் கேட்பர், எண்ணாமல் வந்ததாகச் சொல்லுங்கள். உடைக்குக் கீழே தெரியும் காலையும் சங்கிலியையும் பாருங்கள். புண் கண்டால் மறுநாள் அதைப் பற்றி எழுதுங்கள், பேசுங்கள். விருந்தினர் வீட்டுக்காரரின் குறையைச் சந்தியில் நின்று கூவுவதில்லை. வாய்திறவாதிருப்பதும் விருந்தினர்க்கு அழகன்று.

கடைசி இரந்தோலி இரவு முடிந்ததும் எல்லாம் முடிந்தது எனக் கருதி நகரமே காலியாகிவிடும். இயலுமாயின் ஒரு நாள் தங்குங்கள். விடியுமுன் கெட்டம்பேயில், மகாவலி கங்கை நடுவே, தேவாலயத்தார் வாளால் நீரை வெட்டி, வெட்டிய இடத்து நீரைக் குடத்தில் மொண்டு எடுப்பர். நம் கோயில்களிற் தீர்த்தம் எப்படியோ அப்படி. அங்கே கதிரையும் இல்லை, தரகரும் இல்லை. பனியும் ஆற்றோசையும் தலைப்பாகை கட்டிய சிலரும் இருப்பர். அன்று பிற்பகல் பகற்பெரஹரா நடக்கும். விளக்கு இல்லாமல் முகங்கள் தெரியும். அதைக் கண்டபின் யாழ்ப்பாண பஸ்ஸுக்குப் போதிய நேரம் உண்டு. ஹந்தானைக்கு ஏறிவர விரும்புவோர்க்கு எம் வீட்டிலே தேநீர் உண்டு. சீனி கேட்பவர்க்கு மாத்திரம் சிறிது தாமதமாகும்.